சத்தமில்லாமல் இறக்கிய மரம்

மெஷின் ரம்பம் வந்த பிறகு எங்கள் தொழிலில் யாரும் கத்துவதில்லை. கத்தினாலும் யாருக்கும் கேட்கப்போவதில்லை. போன மாதம் அம்பத்தூரில் ஒரு வீட்டில் மரத்தை வெட்டி இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கால் சும்மா இருக்குமா? போய்ப் பார்த்தேன். பையன்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தெரிந்த ஒருவன் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்து, "பெருசு, உங்க காலத்துல மெஷினே கெடையாதே. ஊட்டு மேல சாஞ்ச மரத்த எத்த வச்சு எறக்குனீங்க?" என்று கேட்டான்.

"வாயால" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அதையே மரம் வெட்டுகிறவர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று மறுநாள் இரண்டு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள். நான் பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுதுவது எனக்குச் சிரமமில்லை, நிறுத்துவதுதான் சிரமம் என்று சொல்லித்தான் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அம்பத்தூர் வெறும் கிராமம். ஏரி, வயல், ரயிலடி, ரயிலடிக்குப் பக்கத்தில் பட்டணத்து ஆட்கள் கட்டிய சில தோட்ட வீடுகள், அவ்வளவுதான். வீடு கட்டுகிறவர்கள் நிழலுக்கென்று ஆளுக்கொரு மரம் வைப்பார்கள். இருபது வருஷத்தில் அது வீட்டைவிடப் பெரிதாகிவிடும். அப்போது எங்களைத் தேடுவார்கள். ஆவடி, பருத்திப்பட்டு, வானகரம் வரைக்கும் வீட்டோரத்து மரம் என்றால் எத்திராஜு மேஸ்திரியைத்தான் கூப்பிடுவார்கள். காட்டில் மரம் வெட்டக் கோடாலி வைத்திருக்கிறவன் எவனாக இருந்தாலும் போதும். ஓட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருக்கிற மரத்தை இறக்க அவர்தான் வரவேண்டும்.

நான் அவரிடம் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. இரண்டு வருஷம் தழை இழுத்தேன், மூன்றாவது வருஷம் கயிறு பிடித்தேன், அதற்குப் பிறகு மேலே ஏறினேன். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். நடுவில் ஒருமுறை கீழே விழுந்ததையும் வாங்கிய வசவுகளையும் எழுதினால் மலர் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும்.

மேஸ்திரி குள்ளம். ஆனால் தொண்டை மட்டும் இரண்டு ஆளுக்கு உள்ளது. ரயிலடியில் நின்று அவர் கூப்பிட்டால் மேனாம்பேட்டில் மாடு திரும்பிப் பார்க்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் வேலை முறையே அந்தத் தொண்டையில்தான் இருந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் மரத்தைப் பார்க்க மாட்டார். மதில் மேல் எட்டிப் பார்த்து, "இந்த மரம் யாருதுப்பா? வெட்டலாமா?" என்று நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். காரணம் இருக்கிறது. வானகரத்தில் ஒருத்தர் பக்கத்து வீட்டுப் புளியமரத்தைத் தன்னுடையது என்று சொல்லி எங்களை ஏற்றிவிட்டார். நான் பாதி மரத்தில் இருக்கும்போது சொந்தக்காரர் அரிவாளோடு கீழே வந்து நின்றார். "எறங்கி வாடா" என்கிறார். எப்படி இறங்குவது? அவர் கோபம் தணிகிற வரை பறவை மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்கம்பக்கத்தைக் கேட்ட பிறகு, கோடாலியைத் திருப்பிப் பிடித்து அடிமரத்தைச் சுற்றித் தட்டுவார். சத்தத்தை வைத்து எங்கே பொந்து, எங்கே வைரம் பாய்ந்த கட்டை என்று சொல்லிவிடுவார். வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் மரத்தின் மேல் கையை வைத்து இன்னொரு முறை கத்துவார்: "மேல கீறவங்க, உள்ள கீறவங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க! நாளைக்கு வெட்டப்போறோம்! வேற எடம் பாத்துக்கோங்க!" அணிலும் பாம்பும் தேனீயும் கேட்க வேண்டும், வேறு ஏதாவது குடியிருந்தால் அதுவும் கேட்க வேண்டும். நாங்கள் சிரிக்கக் கூடாது.

வேலையின்போது ஒரே ஒரு சட்டம். மேலே இருக்கிறவன் கிளை விடுவதற்கு முன் "வருது!" என்று கத்த வேண்டும். கீழே இருந்து மேஸ்திரி "வா!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வராமல் ஒரு குச்சிகூடக் கீழே போகக் கூடாது. அதேபோல் எதிர்பாராமல் ஏதாவது முறிந்தால் மேலே இருக்கிறவன் "ஓடு!" என்று அலற வேண்டும். அலறினால் கீழே இருப்பவன் அண்ணாந்து பார்க்காமல் ஓட வேண்டும். அண்ணாந்து பார்ப்பவன் முகத்தில் வாங்குவான். இந்த மூன்று சொல்லில்தான் எங்கள் உயிர் இருந்தது.

இனி நான் சொல்ல வந்த மரத்துக்கு வருகிறேன்.

அது ஐப்பசி மாதம். ரயிலில் கார்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஞானமுத்து ஐயா ஒரு நாள் விடிந்ததும் மேஸ்திரி வீட்டுக்கு வந்துவிட்டார். எப்போதும் கஞ்சி போட்ட சட்டையும் தொப்பியுமாக இருக்கிற மனிதர், அன்று பித்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம். முந்தின வாரம் அடித்த காற்றில் அதன் கவட்டை பிளந்துவிட்டது. ஆள் படுத்துத் தூங்கலாம் என்கிற மாதிரி பருத்த கிளை ஒன்று வீட்டின் பின்னறை ஓட்டுக்கு மேலே நீண்டிருந்தது. அடுத்த காற்றுக்கு அது தாங்காது.

"வந்து பாத்துட்றேன் சாமி. ரெண்டு நாளு வேல. பின்னாடி ரூம்ல கீறவங்கள முன்னாடிக்கி மாத்திடுங்க" என்றார் மேஸ்திரி.

"மாத்த முடியாது மேஸ்திரி" என்றார் ஐயா. "என் மக கிரேஸ் அந்த ரூம்லதான் படுத்திருக்கா. குழந்தை பிறந்து நாலு நாள் ஆச்சு. மூணு தடவை ஜன்னி வந்து உடம்பு முறுக்கிருச்சு. லேடி டாக்டர் வந்து பாத்தாங்க. பொண்ணை அசைக்கக் கூடாது, வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகவே ஆகாதுங்கறாங்க. திடுக்குன்னு ஒரு சத்தம் கேட்டா மறுபடியும் வருமாம். இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாளாம்."

அவர் சொன்னதை நான் அப்படியே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு அங்கே நின்ற நாங்கள் யாரும் அதை மறக்கவில்லை. மரத்தை விட்டுவைத்தால் கிளை ஓட்டின் மேல் விழும். வெட்டினால் சத்தம் கேட்கும். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பெண் பிழைக்க மாட்டாள். மேஸ்திரி திண்ணையில் கிடந்த கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு, "சத்தம் இல்லாம எறக்கிக் குடுத்துட்றேன் சாமி" என்றார். அதையும் அவர் வழக்கப்படி ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

அந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நடந்தே போய் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். கோடாலியை எடுக்கவே கூடாது என்றார். எல்லாம் கை ரம்பம்தான். ரம்பம் கீச்சென்று கத்தாமல் இருக்க விளக்கெண்ணெய் தடவ வேண்டும். மேனாம்பேட்டிலிருந்து ஒரு வண்டி வைக்கோல் கடன் வாங்கி மரத்தடி முழுவதும் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினோம். அதன் மேல் ஈரச் சாக்கு. மரத்தை அவர் கோடாலியால் தட்டவில்லை, விரல் முட்டியால் தட்டி, காதைப் பட்டையில் வைத்துக் கேட்டார்.

சாயங்காலம் அறிவிப்பு சொல்ல வேண்டிய நேரம் வந்தது. இன்றைக்கு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்து, பட்டையில் வாயை வைத்து, ரகசியம் பேசுகிற மாதிரி சொன்னார்: "மேல கீறவங்க, உள்ள கீறவங்க, கேட்டுக்கோங்க. ஊட்ல பச்ச ஒடம்புக்காரி கீறா. நீங்களும் சத்தம் போடாம போய்டுங்க." அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வருது", "வா" என்பதற்குப் பதிலாகத் துண்டு. நான் மேலிருந்து கையைத் தூக்கினால் தயார் என்று அர்த்தம். கீழே அவர் சிவப்புத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து ஆட்டினால் விடலாம். நான் இரண்டு கையையும் ஆட்டினால் ஆபத்து, எல்லோரும் ஓட வேண்டும். கொல்லைக் கதவில் ஞானமுத்து ஐயாவின் மனைவி நிற்பார். மகள் விழித்துக்கொண்டாலோ உடம்பு முறுக்கினாலோ அவர் முந்தானையைத் தூக்கிக் காட்டுவார். உடனே எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும். நான் ஒருமுறை அரை மணி நேரம் ரம்பத்தைக் கிளைக்குள் வைத்தபடி நின்றேன். எறும்பு ஒன்று காதுக்குள் போய் வெளியே வந்தது.

ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு கயிறு. ஒன்று பெரிய வடம். கிளையின் நடுவில் கட்டி, மேலே பிளக்காமல் இருக்கும் இன்னொரு கவட்டை வழியாக இறக்கி, கீழே அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி எங்கள் கூட்டாளி குப்புசாமியும் இன்னும் இரண்டு பேரும் பிடித்துக்கொள்வார்கள். கிளையின் பாரம் முழுவதும் அதில்தான். இன்னொன்று சின்னக் கயிறு. அறுபட்ட கிளை ஓட்டின் பக்கம் ஆடிப் போகாமல் இந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்க. அதை மேஸ்திரி வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். நான் முதலில் கிளையின் அடியில் கால்வாசி அறுப்பேன், அப்போதுதான் பட்டை கிழியாது. பிறகு மேலிருந்து அறுப்பேன். கடைசி நூலிழை இருக்கும்போது நிறுத்திக் கையைத் தூக்குவேன். துண்டு ஆடும். அறுப்பேன். கிளை தூளியில் போகிற குழந்தை மாதிரி மெதுவாக இறங்கி வைக்கோலில் படுக்கும்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. காகங்கள்தான் எங்களுக்கு அடங்கவில்லை. மேஸ்திரி அவற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரிலேயே பெரிய தொண்டை உள்ளவர் மூன்று நாளாக ஒரு வார்த்தை உரக்கப் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில்கூடக் குப்புசாமியிடம் ஊறுகாய் வேண்டும் என்று சைகைதான் செய்தார். குப்புசாமி வேண்டுமென்றே புரியாத மாதிரி உப்பை நகர்த்தினான். வாயைத் திறந்து திட்ட முடியாமல் அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள் அந்தப் பெரிய கிளை ஒன்றுதான் பாக்கி. கிழக்கே வானம் கறுத்திருந்தது. காற்று இன்னும் வரவில்லை. நான் கிளையின் மேல் ஊர்ந்துபோய் அறுக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் அப்பால், நுனிப் பக்கம், பட்டையில் ஒரு வளையம் பார்த்தேன். இடுப்பில் கயிறு இறுகின தழும்பு மாதிரி. கையை வைத்துத் தடவினேன். உள்ளே இரும்பு. பட்டைக்குள் புதைந்துபோன சங்கிலி. அந்த வீட்டுப் பெண் சின்ன வயதில் ஊஞ்சலாடக் கட்டியிருப்பார்கள். பிறகு அவிழ்க்க மறந்திருப்பார்கள். மரம் அதை விழுங்கிவிட்டது.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். இரும்பு புதைந்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும், உள்ளே அழுகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கூப்பிடுவதென்றால் கீழே இறங்கி, காதில் சொல்லி, மறுபடியும் ஏற வேண்டும். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. வடம் தழும்புக்கு அந்தப் பக்கம்தான் கட்டியிருக்கிறது, முறிந்தாலும் வடம் தாங்கும் என்று நானே முடிவு செய்தேன். அடியில் கால்வாசி அறுத்தேன். மேலே ரம்பத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்தேன்.

தழும்பிலிருந்து எறும்புகள் வரிசையாக வெளியே ஓடிவந்தன. பிறகு கிளை என் வயிற்றுக்கு அடியில் மெதுவாக முனகியது.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அதே நேரத்தில் உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. சின்னக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி, கொல்லைக் கதவில் முந்தானை தூக்கப்படுகிறதா என்று அந்தப் பக்கம் திரும்பினார். குப்புசாமி வடத்தில் கண்ணாக இருந்தான். நான் ஆட்டிய கையை யாரும் பார்க்கவில்லை.

"ஓடு" என்று ஒரு வார்த்தை. அதற்கு நேரம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. வாயைத் திறந்தேன். எனக்கு நேர் கீழே ஓடு, ஓட்டுக்குக் கீழே அந்தப் பெண். வாயை மூடிக்கொண்டேன்.

கிளை தழும்பில் முறிந்தது. வடம் பாரத்தை வாங்கிக்கொண்டது, கிளை ஓட்டில் விழவில்லை. ஆனால் முறிந்த அடிப்பக்கம் ஊஞ்சல் மாதிரி வீசிக்கொண்டு கீழே போய் மேஸ்திரியின் இடது தோளில் அடித்தது. எலும்பு உடைந்த சத்தம் மேலே இருந்த எனக்குக் கேட்டது.

அவர் கத்தவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தார். சிவப்புத் துண்டின் முனையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். வலது கை மட்டும் சின்னக் கயிற்றை விடவில்லை. அதை விட்டிருந்தால் கிளை திரும்ப ஆடி ஓட்டைத் தகர்த்திருக்கும். கயிற்றை இடுப்போடு ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் சாய்ந்துகொண்டு, குப்புசாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இறக்கு என்று அர்த்தம். குப்புசாமி அழுதுகொண்டே வடத்தை விட்டான். கிளை வைக்கோலில் படுத்தது. அதற்குப் பிறகுதான் மேஸ்திரி சாய்ந்தார்.

கொல்லைக் கதவில் ஐயாவின் மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். உள்ளே குழந்தை பாலைக் குடித்து அழுகையை நிறுத்திவிட்டது. கிரேஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அடித்த காற்றில் எங்கள் வைக்கோல் எல்லாம் ஏரி வரைக்கும் பறந்தது. மொட்டையாக நின்ற அடிமரம் அசையவில்லை.

கட்டுப் போடுகிறவர் தோள்பட்டை எலும்பு இரண்டாகிவிட்டது என்றார். நான் மூன்று நாள் மேஸ்திரி வீட்டுப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போய் நின்றேன். "கத்தியிருக்கணும் மேஸ்திரி. தொண்ட வரல" என்றேன். அழுதுவிட்டேன்.

"இன்னாத்துக்கு அயுவுற? கத்தியிருந்தா அன்னிக்கே உன்ன தொரத்தியிருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா அந்த சங்கிலிய பாத்துட்டு எறங்கி வந்து சொல்லல பாரு, அதுக்குத்தான் உன்ன ஒதைக்கணும். கை சரியாவட்டும்" என்றார். உதைக்கவில்லை. அந்த இடது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் தூக்கவே வரவில்லை. அவர் மறுபடியும் சின்னக் கயிற்றைப் பிடிக்கவும் இல்லை, அதை என்னிடம் கொடுத்துவிட்டார்.

கத்தாமல் இருந்தது சரியா, தப்பா என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசித்துத்தான் வாயை மூடினேனா, மூன்று நாள் பழக்கத்தில் அது தானாக மூடிக்கொண்டதா? உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது. இறங்கி வந்து கேட்காதது தப்பு, அது மட்டும் தெரியும். பையன்களே, காதில் பஞ்சு இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கேளுங்கள். அதற்கு ஆகிற நேரம் ஒன்றும் பெரிய நேரம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஞானமுத்து ஐயா வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். எங்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மேஸ்திரி கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் மாட்டிக்கொண்டு வந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்தோம். கிரேஸ் குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளை அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறோம். மெலிந்த, சிரித்த முகம். குழந்தை வீறிட்டு அழுதது. ஆளாளுக்கு உஷ் உஷ் என்று அடக்கப் பார்த்தார்கள்.

மேஸ்திரியால் பொறுக்க முடியவில்லை. "அட, கத்தட்டும் வுடுங்கம்மா! கொயந்த கத்தாம வேற யாரு கத்துவாங்க!" என்றார். அந்த வீட்டில் அவருடைய சொந்தக் குரல் அன்றுதான் முதல் முறையாக வெளியே வந்தது. பந்தலே அதிர்ந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே உற்றுப் பார்த்தது.

"அப்பா, யாரு இவங்க? என்ன தொண்டை!" என்று கிரேஸ் சிரித்தாள்.

"நம்ம மரத்தை இறக்கின மேஸ்திரிம்மா" என்றார் ஐயா.

"இவங்களா? நான் அந்த ரூம்லதானே படுத்திருந்தேன், இந்தக் குரல் ஒரு நாள்கூடக் கேக்கலையே. மரம் வெட்டறப்ப நீங்க எங்கே இருந்தீங்க? கையில என்ன கட்டு?"

மேஸ்திரி தூளியில் இருந்த கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"சைக்கிள்லேர்ந்து உயுந்துட்டேம்மா. அதான் அன்னிக்கி நான் வரவேயில்ல. இதோ, இவனுங்கதான் வெட்டுனானுங்க."

கிரேஸ் எங்கள் பக்கம் திரும்பினாள். நானும் குப்புசாமியும் வாயைத் திறக்காமல் ஆமாம் என்று தலையை ஆட்டினோம்.